கரண்ட் போன இரவில் 4000 லூமென் டார்ச் ஏன் உதவவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். கைவசம் பன்னிரண்டு டார்ச். இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது, விடியும்வரை வரவில்லை. இருப்பதிலேயே பெரியதை, பெட்டியில் 4000 லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பதை எடுத்து அடித்தீர்கள். வீட்டில் எல்லாரும் கண்ணைப் பொத்திக்கொண்டு அணைக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது, வெளிச்சமும் பாதிக்குக் கீழே போனது. கடைசியில் யாரோ ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள், அதோடு வீடு அடங்கியது. இவ்வளவு வாங்கி என்ன பிரயோஜனம், மூன்று நாள் கரண்ட் வராவிட்டால் இவற்றை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசைக்குச் சேர்த்ததை வீட்டுக்கு விளக்காக்குவது எப்படி என்பதுதான் இதற்குள் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று நாளுக்கு உங்களிடம் இருப்பது தாராளமாகப் போதும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய கட்டடங்களில் அவசரகால விளக்குகளைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. கரண்ட்டை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, கையில் வெளிச்சம் அளக்கிற லக்ஸ் மீட்டரோடு இருட்டுப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவது அதில் பெரும்பகுதி. உங்களைப் போல டார்ச் சேர்க்கும் ஆர்வமும் உண்டு. அதனால் வெளிச்சம், பேட்டரி, சூடு ஆகிய மூன்றைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். கண், தூக்கம் என்று வரும்போது படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன், மருத்துவராக அல்ல. அந்த இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இருட்டில் நடமாட ஒருவருக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? டார்ச் ஆர்வலர்கள் பெரும்பாலும் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்போம். ஐரோப்பாவின் அவசரகால விளக்குத் தரமான இஎன் 1838, வெளியேறும் வழியில் தரைமட்டத்தில் குறைந்தது 1 லக்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101 கொஞ்சம் தாராளம். தொடக்கத்தில் சராசரி 10.8 லக்ஸ், எந்த இடத்திலும் 1.1 லக்ஸுக்குக் குறையக் கூடாது, 90 நிமிடம் எரிய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆபீஸ் மேஜைக்கு 500 லக்ஸ் வைக்கிறோம், முழு நிலவு தரையில் போடுவது 0.1 முதல் 0.3 லக்ஸ் வரை. நூற்றுக்கணக்கான பேர் பதற்றத்தோடு இறங்குகிற படிக்கட்டுக்கே 1 லக்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். இப்போது உங்கள் மெழுகுவர்த்திக்கு வாருங்கள். ஒரு திசையில் அதன் சுடரின் ஒளிச்செறிவு ஏறக்குறைய 1 கேண்டெலா. ஒரு மீட்டர் தள்ளி அது தருவது கிட்டத்தட்ட அதே 1 லக்ஸ். எல்லாப் பக்கமும் சேர்த்து அதன் மொத்த வெளிச்சம் 12 லூமென் சொச்சம், அவ்வளவுதான்.

அந்த 12 லூமென் 4000 லூமெனை எப்படி ஜெயித்தது? ஒரே இடத்தில் அசையாமல் நின்றது, எல்லாத் திசையிலும் பரவியது, யார் கண்ணையும் கூசவைக்கவில்லை. உங்கள் டார்ச்சின் பீம் நடுவில் 20,000 கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு டார்ச்சுக்கு இது அதிகமில்லை. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கிற சுவரில் அது 5000 லக்ஸ் விழும். நீங்கள் பேசிக்கொண்டே கையை அசைக்கும்போது அந்த வட்டம் சுவரிலும் முகங்களிலும் ஓடுகிறது. அதைப் பார்த்த கண்ணுக்கு அறையின் மற்ற பகுதி முழுக்கக் கறுப்பு. இருட்டுக்குக் கண் பழகும் விதம் நன்றாகத் தெரிந்த விஷயம். விழித்திரையின் கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும், மங்கலான ஒளியில் வேலை செய்கிற கோல் செல்களுக்கு அரைமணி நேரம் ஆகும். ஒரு தடவை டர்போவை, அதாவது டார்ச்சின் உச்ச வெளிச்சத்தை, அடித்தால் அந்த அரைமணி நேரம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும்.

டார்ச் சுட்டதற்கும் மங்கியதற்கும் காரணம் பழுது இல்லை. 4000 லூமெனுக்கு 40 வாட்டுக்கு மேல் தேவை. அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். 200 கிராம் அலுமினிய உடம்புக்குள் 25 வாட் சூடு இறங்கினால் நிமிடத்துக்கு ஏழெட்டு டிகிரி ஏறும், நாலு நிமிடத்தில் 60 டிகிரி பக்கம் வந்துவிடும். அதற்குமேல் போகாமல் உள்ளே இருக்கிற சர்க்யூட் மின்சாரத்தைக் குறைக்கிறது. நல்ல டார்ச் அப்படித்தான் செய்ய வேண்டும். பெட்டியில் போடுகிற எண்கள் பெரும்பாலும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரப்படி அளக்கப்பட்டவை. அதன்படி லூமெனை டார்ச் எரிய ஆரம்பித்து 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளப்பார்கள். எரியும் நேரத்தையோ வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும்வரை கணக்கிடுவார்கள். அதனால் '4000 லூமென், 3 மணி நேரம்' என்று இருந்தால் அதில் பெரும்பகுதி நேரம் 600, 700 லூமெனில் ஓடியிருக்கலாம். பொய்யில்லை, ஆனால் மின்தடைக்குத் திட்டம் போட அந்த இரண்டு எண்ணும் உதவாது. டார்ச்சோடு வருகிற தாளில் நேரத்துக்கு நேரம் வெளிச்சம் குறைவதைக் காட்டுகிற வரைபடம் இருந்தால் அதைப் பாருங்கள். அதைவிட முக்கியம், குறைந்த வெளிச்ச மோடுகளின் வரிசையைப் பாருங்கள்.

மூன்று நாள் கணக்குக்கு வருவோம். மின்தொகுப்பு விழுந்து ஏற்படுகிற பெரிய மின்தடைகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் இந்தியாவின் வட, கிழக்குப் பகுதிகளில் அடுத்தடுத்து விழுந்தபோது 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது, அதுவும் அன்றன்றே பெரும்பாலும் திரும்பியது. 2025 ஏப்ரல் 28 பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டு மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய முழுவதும் மீண்டன. 2003 ஆகஸ்ட் 14 வட அமெரிக்க மின்தடையில் ஐந்து கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், சில இடங்களுக்கு நாலு நாள் ஆனது. கம்பமும் கம்பியும் புயலில் அறுந்து போனால் கதையே வேறு. 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ முழுக்க மின்சாரம் திரும்ப ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. ஆக நீங்கள் கேட்ட மூன்று நாள் நியாயமான இலக்கு. மாதக்கணக்கு என்றால் சோலார் தகடு இல்லாமல் டார்ச் சேகரிப்பு எதையும் செய்ய முடியாது.

சார்ஜ் ஏற்றி டார்ச்சில் போடுகிற 18650 என்ற லித்தியம்-அயான் செல் நல்லதாக இருந்தால் அதில் 3.6 வோல்ட், 3.4 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 12 வாட்-மணி இருக்கும். இன்றைய எல்இடியும் அதற்கு மின்சாரத்தை அளந்து தருகிற ஒழுங்கான டிரைவர் சர்க்யூட்டும் சேர்ந்தால் நடுத்தர மோடில் ஒரு வாட்டுக்கு 100 லூமென் கிடைக்கும். இழப்பெல்லாம் போக 1000 லூமென்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 100 லூமென் பத்து மணி நேரம், அல்லது 10 லூமென் நூறு மணி நேரம். ஓர் இரவுக்கு என்ன வேண்டும்? ஹாலில் 100 லூமென் ஐந்து மணி நேரம், கழிவறையில் 3 லூமென் இரவு முழுக்கப் பத்து மணி நேரம், சமையலறையில் தலையில் மாட்டிய ஹெட்லேம்ப் 40 லூமெனில் இரண்டு மணி நேரம், இங்கும் அங்கும் நடக்க ஒரு மணி நேரம் 30 லூமென். எல்லாம் கூட்டினால் 640 லூமென்-மணி. மூன்று இரவுக்கு இரண்டு செல் போதும். உங்களிடம் பன்னிரண்டு டார்ச். டர்போவை மட்டும் தொடாமல் இருந்தால் பேட்டரி உங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. டர்போவில் 18 வாட்-மணி உள்ள பெரிய 21700 செல் கூட அரைமணி தாங்காது.

அந்த ஹால் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. டார்ச்சை நேராக நிறுத்தி வெள்ளைக் கூரையை நோக்கி அடியுங்கள். அறை 10 சதுர மீட்டர் என்றால், 100 லூமெனில் பாதி வீணானாலும் சராசரி 5 லக்ஸ் தரையில் கிடைக்கும். மெழுகுவர்த்திக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பதைப் போல ஐந்து மடங்கு, அதுவும் அறை முழுக்க. ஆனால் டார்ச்சைத் தரையிலோ டீப்பாயிலோ வைக்காதீர்கள். குனிகிறவர், பக்கத்தில் வருகிற குழந்தை நேரே லென்ஸுக்குள் பார்ப்பார்கள். அலமாரி உச்சியில், நிற்கிறவரின் கண்மட்டத்துக்கு மேலே வையுங்கள். லென்ஸுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருந்தால் வட்டம் நன்றாக விரியும். முடிந்தால் அறையின் மூலையில் வையுங்கள், இரண்டு சுவரும் கூரையும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பும். தூரத்துக்குப் பாய்கிற குறுகிய பீம் டார்ச் இதற்கு ஆகாது. கூரையில் ஒரு சின்ன வட்டம் கண்ணைக் குத்தும், மற்ற இடம் மங்கும். ரிஃப்ளெக்டர் ஆழம் குறைந்த, பீம் அகலமான டார்ச்சை எடுங்கள். பின்பக்க சுவிட்ச் துருத்திக்கொண்டிருப்பது நேராக நிற்காது, அதை ஒரு டம்ளருக்குள் செருகி வைக்கலாம். டம்ளருக்குள் வைத்தால் மட்டும் 100, 150 லூமெனுக்கு மேல் போகாதீர்கள். கையின் பிடியும் காற்றோட்டமும்தான் டார்ச்சைக் குளிரவைக்கின்றன, டம்ளரில் இரண்டும் இல்லை. கூரை கறுத்தோ மரப்பலகையாகவோ இருந்தால் கூரைக்குப் பதில் ஒரு வெள்ளைத் துணியையோ சுவரையோ பயன்படுத்துங்கள்.

5 லக்ஸில் பேசலாம், சாப்பிடலாம், ஆடு புலி ஆட்டம் கூட ஆடலாம், பொடி எழுத்துப் படிப்பது கஷ்டம். படிக்கிறவருக்காக அறை முழுக்க வெளிச்சத்தை ஏற்றாதீர்கள். அவருக்கு மட்டும் தனி விளக்கு கொடுங்கள். 20 லூமென் அகலமான பீம் 40 சென்டிமீட்டர் தூரத்தில் புத்தகத்தில் விழுந்தால் 100 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு என்கிற விதி நமக்குச் சாதகமாக வேலை செய்கிற இடம் இது.

படிக்கட்டைப் பற்றி ஒன்று, வேலையில் கண்கூடாகப் பார்த்தது. ஹெட்லேம்ப் இரண்டு கைக்கும் விடுதலை தருகிறது, சமையல், ரிப்பேர், குழந்தையைத் தூக்குவது எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் தேர்வு. ஆனால் படி இறங்கும்போது அது சரியில்லை. ஒளி கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும், படிகளின் விளிம்பு தெரியாமல் எல்லாம் ஒரே சமதளமாகத் தெரியும். அதே வெளிச்சத்தை இடுப்பு மட்டத்தில் கையில் பிடித்துக் கொஞ்சம் சாய்வாக அடித்தால் ஒவ்வொரு படிக்கும் நிழல் விழும், விளிம்பு தெளிவாகப் பிரியும். இதற்கு 20, 30 லூமென் போதும். பழைய இரண்டு செல் குண்டு பல்பு டார்ச் தந்ததும் அவ்வளவுதான், ஊரே அதை வைத்துத்தான் நடந்தது. இன்னொன்று, ஹெட்லேம்ப் மாட்டியவர் யாரைப் பார்த்துப் பேசினாலும் அவர் கண்ணில்தான் அடிப்பார். பேசும்போது கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கீழ்நோக்கிய நல்ல நடை விளக்காகவும் ஆகிவிடும்.

அடுத்து, உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது. உங்கள் டார்ச்சுகளை மற்றவர்களால் பயன்படுத்த முடியுமா? நமக்குப் பிடித்த டார்ச்சுகளில் ஒரே பட்டனில் ஒரு தடவை அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஒன்று, நாலு தடவை அழுத்தினால் பூட்டு என்று ஏகப்பட்ட வித்தை இருக்கும். அண்டுரில் என்ற டார்ச் மென்பொருள் போட்டவற்றை நான் மிகவும் விரும்புகிறேன். அணைந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் மங்கலான நிலவொளி மோடு, மூன்று தடவை அழுத்தினால் பேட்டரி அளவு, மின்தடைக்கென்றே செய்தது போல் இருக்கும். ஆனால் அதையே பதற்றத்தில் இருக்கிற வயதானவர் கையில் கொடுத்தால் இரண்டு தடவை தட்டி டர்போவைத் தன் முகத்திலேயே அடித்துக்கொள்வார், இல்லாவிட்டால் விட்டு விட்டு மின்னுகிற ஸ்ட்ரோப் மோடில் மாட்டிக்கொள்வார். ஒளி மின்னலால் வலிப்பு வரும் தன்மையுள்ளவர்களுக்கு அந்த மோடு நிஜமான ஆபத்து. அதனால் பன்னிரண்டில் சாதாரணமான மூன்று நாலு டார்ச்சைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரு சுவிட்ச், ஓரிரண்டு மோடு, முதல் அழுத்தலில் குறைந்த வெளிச்சம். அவை வீட்டாருக்கு. அவரவர் படுக்கை பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், எப்போதும் அதே இடத்தில் இருக்கட்டும். கழிவறைக்கு ஒன்று. சிக்கலானவை உங்களிடமே இருக்கட்டும். உங்கள் பொழுதுபோக்கை வீட்டார் மதிக்க ஆரம்பிப்பது அவர்கள் கையில் இருக்கிற டார்ச் சொன்னபடி கேட்கும்போதுதான் என்பது என் அனுபவம்.

இருட்டில் டார்ச்சைக் கண்டுபிடிப்பதற்கு ஒளிரும் டேப் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் வகை டேப் மாலையில் நல்ல வெளிச்சம் பட்டிருந்தால் பல மணி நேரம் மங்கலாகத் தெரியும். டிராயருக்குள் கிடந்தால் ஒளிராது. லேசான கதிரியக்கத்தால் தானே ஒளிர்கிற டிரிட்டியம் குழாய்க்கு வெளிச்சம் காட்டத் தேவையில்லை. 12.3 வருடத்துக்கு ஒரு தடவை பாதியாக மங்கும், சில நாடுகளில் வைத்திருக்கக் கட்டுப்பாடும் உண்டு. சுவிட்சில் எப்போதும் மினுக்குகிற சின்ன எல்இடி இருந்தால் அது பேட்டரியைத் தின்றுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். 0.02 மில்லிஆம்பியர் எடுப்பது 3000 மில்லிஆம்பியர்-மணி செல்லைத் தீர்க்கப் பதினேழு வருடம் ஆகும், கவலை வேண்டாம். ஆனால் மோசமாக வடிவமைத்த எலக்ட்ரானிக் சுவிட்ச் 1 மில்லிஆம்பியர் எடுத்தால் நாலு மாதத்தில் செல் காலி. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் பின்மூடியைக் கால் திருப்பு தளர்த்தி வையுங்கள். திருகு மரைகளில் மின்சாரம் கடத்தாத ஆனோடைஸ் பூச்சு இருக்கிற டார்ச்சில் அவ்வளவிலேயே மின்தொடர்பு அறுந்துவிடும், பைக்குள் தானாக எரிந்து துணியைப் பொசுக்குகிற ஆபத்தும் போகும். சக்திவாய்ந்த டார்ச்சின் லென்ஸ் கறுப்புத் துணியோடு ஒட்டிக் கிடந்தால் நிமிடத்தில் புகை வரும், இதில் சந்தேகமே இல்லை.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்கள். சிவப்பு விளக்கு இருட்டுப் பார்வையைக் காப்பாற்றும் என்பார்கள். கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அதிகம் உறைக்காது என்பது சரி. ஆனால் சிவப்பு பிரகாசமாக இருந்தால் அதுவும் கெடுக்கும். மிக மங்கலான வெள்ளை ஒளியோடு ஒப்பிட்டால் வீட்டுக்குள் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நஷ்டமும் உண்டு, மருந்துப் பட்டையில் சிவப்பில் அச்சடித்த எச்சரிக்கை சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தோடு கலந்து மறைந்துபோகும். மாத்திரை எடுக்க, காயத்தைப் பார்க்க, வயர் நிறம் பிரிக்க, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்கிற சிஆர்ஐ என்ற எண் 90-க்கு மேல் உள்ள வெள்ளை ஒளி டார்ச் ஒன்றை ஒதுக்குங்கள், இது மட்டும் உறுதி. மஞ்சள் சாயலுள்ள 2700, 3000 கெல்வின் ஒளி இரவில் இதமாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான். உடல் கடிகாரத்தை இயக்குகிற விழித்திரை செல்கள் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அதிகம் அசைகின்றன என்பது நிரூபணமானது. அதற்காகக் கூரையில் பட்டுத் திரும்புகிற 5 லக்ஸ் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். பிடித்த நிறத்தைப் போடுங்கள்.

லித்தியம்-அயான் செல்லை எவ்வளவு சார்ஜில் வைப்பது என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் செல் சீக்கிரம் கிழடாகும் என்பது உறுதி. எவ்வளவு சீக்கிரம் என்பது செல்லின் வகையைப் பொறுத்தது. நான் செய்வது, படுக்கை பக்கத்தில் இருப்பவற்றில் முழு சார்ஜ், அவை வயதானால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் இருக்கிற உபரி செல்கள் 3.7 வோல்ட் பக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் முழு சார்ஜான 4.2 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுவேன். 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 செல் கையில் இருந்தால் கழித்துவிடுங்கள். அந்த அளவு உருளைக்குள் நடைமுறையில் கிடைப்பது 3500 சொச்சம்தான், 9900 என்று போட்டவர் செல்லின் பாதுகாப்பிலும் அப்படித்தான் இருப்பார். மேலுறை கிழிந்த செல்லைப் போடாதீர்கள், செல்லைச் சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போடாதீர்கள். இரண்டு செல்லை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிற டார்ச்சில் பழையதும் புதியதும் கலக்கக் கூடாது, சிஆர்123ஏ என்ற சின்ன லித்தியம் செல்களை அப்படிக் கலந்து டார்ச் வெடித்திருக்கிறது. இருட்டில் அவசரமாகச் செல் மாற்றும்போதுதான் இந்தத் தப்பு நடக்கும், அதனால் ஜோடிகளை இப்போதே குறியிட்டு வையுங்கள்.

ஏஏ செல்லில் ஓடுகிற டார்ச் ஒன்றாவது வைத்திருங்கள். சுவர்க் கடிகாரத்திலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் எடுத்துப் போடலாம். ஆல்கலைன் செல்லை டார்ச்சுக்குள் மாதக்கணக்கில் விடாதீர்கள், கசிந்து வெள்ளையாகப் பூத்துத் தொடுமுனையை அரிக்கும். லித்தியம் ஏஏ வகை இருபது வருடம் வரை தாங்கும், அதை உள்ளேயே விடலாம். பவர் பேங்க்கிலிருந்து சார்ஜ் ஏற்றுவதாக இருந்தால் ஒரு சோதனை அவசியம். டைப்-சி துளை இருக்கிற டார்ச்சுகள் பலவும் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஆகாது, உள்ளே வைக்க வேண்டிய இரண்டு ரெசிஸ்டரை விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி இருக்கிற கேபிளில்தான் ஏறும். இது கரண்ட் போன பிறகு தெரிந்தால் சங்கடம். 10,000 மில்லிஆம்பியர்-மணி பவர் பேங்க்கில் 37 வாட்-மணி இருக்கும், இழப்பு போக ஒரு 18650-ஐ இரண்டு தடவை முழுக்க ஏற்றலாம். ஃபோனின் விளக்கை விட்டுவிடுங்கள், செய்தி கேட்கவும் உதவி கூப்பிடவும் அந்தச் சார்ஜ் வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கருவி போல மின்சாரத்தை நம்பியிருக்கிறவர் இருந்தால் அதற்கான ஏற்பாட்டை அவருடைய மருத்துவரோடு தனியே பேசுங்கள், டார்ச் அங்கே பதில் இல்லை.

பெரிய டார்ச்சுக்கு மின்தடையில் வேலையே இல்லையா? உண்டு, வெளியில். சத்தம் கேட்டால் கொல்லையைப் பார்க்க, கம்பி அறுந்து கிடக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்க, மரம் சாய்ந்த இடத்தில் உதவி செய்ய. சில வினாடி அடித்து அணைக்கிற வேலைகள் அவை, டர்போ அதற்குத்தான் இருக்கிறது. தெருவிளக்கும் இல்லாத இருட்டில் வண்டி ஓட்டி வருகிறவர் கண்ணில் அது பட்டால் பல வினாடி அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னல், வானத்தில் விமானம் இரண்டையும் நோக்கி அடிக்கவே வேண்டாம். அப்புறம் மெழுகுவர்த்தியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை, ஆள் விழித்திருந்து கவனிக்கிற வரைக்கும் இருக்கட்டும். தூங்கப்போகும்போது அணைத்துவிட்டு 1 லூமென் டார்ச் ஒன்றை அதே இடத்தில் வையுங்கள், விடியும்வரை தாங்கும்.

ஒன்று செய்து பாருங்கள். நாங்கள் கட்டடங்களில் மாதம் ஒரு தடவை 30 வினாடியும் வருடம் ஒரு தடவை 90 நிமிடம் முழுசாகவும் விளக்குகளை ஓடவிட்டுச் சோதிப்போம், என்எஃப்பிஏ 101 கேட்பதும் அதைத்தான். நீங்களும் ஒரு மாலை வீட்டாரிடம் சொல்லிவிட்டு விளக்குகளை எல்லாம் அணைத்து, நான் சொன்னபடி வைத்து, 90 நிமிடம் இருந்து பாருங்கள். எந்த அறையில் யார் தடுமாறுகிறார், யாருக்கு எந்த சுவிட்ச் புரியவில்லை, எந்த டார்ச் தானாக மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு டார்ச்சின் மாடல், அதில் இருக்கிற மிகக் குறைந்த மோடு எத்தனை லூமென், என்ன செல், பீம் அகலமா குறுகலா என்று எழுதினால், எதை எங்கே வைப்பது, எதை யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.